இறக்கக்கூடாத கை

எனக்கு வலது அக்குளில் கட்டி வரும். பழுக்கும், உடையும், ஆறும். ஆறின இடத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று வரும். பல வருசமாக இப்படித்தான். ஊரில் இதைக் கக்கத்துக் கட்டி என்பார்கள். எல்லோருக்கும் எப்போதாவது ஒன்று வந்து போகும். எனக்கு வந்தது போகவில்லை.

எங்கள் ஊர் நயினார்கோவிலுக்குப் பக்கம். கொஞ்சம் மிளகாய்க் கொல்லை உண்டு. மழை இல்லாத வருசம் சீமைக்கருவேலம் வெட்டப் போவேன். அரிவாளோ கோடாலியோ, கை தலைக்கு மேலே போனால்தான் வேலை. கட்டி பழுத்த நாளில் கை போகாது. அன்று சட்டையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பேன். ஈ வரும்.

வைத்தியம் எல்லாம் பார்த்தாயிற்று. மஞ்சள் அரைத்துப் போட்டேன். வேப்பிலை போட்டேன். சுண்ணாம்பையும் கருப்பட்டியையும் குழைத்துப் போடச் சொன்னார் ஒருவர். போட்டேன். எறும்பு வந்தது. டவுனில் ஒரு கிளினிக்கில் கீறிவிட்டார்கள். "இனி வராது" என்றார்கள். அதே மாதம் வந்தது. "ஒழுங்காக் குளிக்கிறதில்லையா?" என்று டீக்கடையில் கேட்டார்கள். இரண்டு வேளை குளிக்கிறவன் நான். சொல்லவில்லை.

கடைசியில் ராமநாதபுரத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். சின்ன வயசு. கையைத் தூக்கச் சொல்லி ஒரு இடத்தில் அழுத்தினார். வேறு இடத்தில் சீழ் வந்தது.

"உள்ளுக்குள்ள பாதை பாதையா ஓடியிருக்கு" என்றார்.

எனக்கு உடனே விளங்கியது. வரப்பில் எலி வளை அப்படித்தான் இருக்கும். ஒரு வாயை அடைத்தால் அடுத்த வாயில் வெளியே வரும். அந்தத் துண்டு வரப்பையே வெட்டி எடுத்துவிட்டுப் புது மண் போட வேண்டும். அவரும் அதைத்தான் சொன்னார். அக்குள் தோலை மொத்தமாக வெட்டி எடுத்துவிட்டுத் தொடைத் தோலை மெல்லிசாகச் சீவி அங்கே ஒட்டுவார்களாம். நோய்க்கு நீளமாக ஒரு இங்கிலீஷ் பேர் சொன்னார். அது என் வாயில் நிற்கவில்லை.

"இது அழுக்கால வர்றதில்ல. யாருக்கும் ஒட்டாது" என்றும் சொன்னார்.

வீட்டுக்காரி பக்கத்தில்தான் நின்றாள். அன்றைக்கு ஊருக்குத் திரும்பியதும் என் துண்டை அவள் சேலையோடு சேர்த்துத் துவைத்தாள். அதுவரை தனியாகத்தான் துவைப்பாள்.

ஆபரேஷனுக்கு முன்னால் என்னென்ன ஆகலாம் என்று சொல்வார்கள், கூட ஒரு ஆள் இருந்து கேட்க வேண்டும் என்றார்கள். வீட்டுக்காரியின் அண்ணனை, என் மச்சானை, அழைத்துப் போனேன். அவர் வெளிநாட்டில் டிரைவராக இருந்து வந்தவர். பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு எல்லாம் தெரியும் என்பது எங்கள் குடும்பத்தின் எண்ணம். அவருடைய எண்ணமும் அதுதான்.

டாக்டரம்மா ஆரம்பித்தார்.

"ரத்தம் நிறையப் போகலாம். ஏத்த வேண்டி வரலாம்."

"ஏத்திருங்க" என்றார் மச்சான்.

"புண்ணுல சீழ் பிடிக்கலாம்."

"இப்பவே சீழுதானம்மா."

"ஒட்டுற தோல் பிடிக்காமப் போகலாம். அப்ப மறுபடி எடுத்து ஒட்டணும்."

"அதுக்குத்தான் ரெண்டு தொடை இருக்குல்ல." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, தொடைத் தோலக் கக்கத்துல வச்சா, நடக்கையில கை தன்னால ஆடுமா?"

"ஆடாது."

"சரி. மேல சொல்லுங்க."

"அபூர்வமா நரம்புல பட்டு கை மரத்துப் போகலாம்."

மச்சான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சாலும் இதே வியாதி பக்கத்துலயோ, அந்தப் பக்கத்து அக்குள்லயோ திரும்ப வரலாம்."

"பிறகு எதுக்கும்மா வெட்டுறீங்க?"

"வெட்டாம விட்டா இந்தப் பாதையெல்லாம் இன்னும் பரவும். இப்ப இருக்கறதாவது போகும்." பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "முக்கியமானது ஒன்னு இருக்கு. புண் ஆறும்போது தோல் சுருங்கும். ரொம்பச் சுருங்கிட்டா கையை மேல தூக்க விடாம இழுத்துப் பிடிச்சுக்கும். அதுக்காகக் கையைத் தூக்கின மாதிரியே கட்டி வைப்போம். நான் சொல்ற வரைக்கும் இறக்கக் கூடாது."

நான் ஒன்றே ஒன்று கேட்டேன். "இறக்காம இருந்தா, பின்னால தூக்க வருமா?"

"வர வாய்ப்பு அதிகம்."

"நிச்சயமா வருமா?"

"நிச்சயம்னு சொல்ல மாட்டேன்."

வெளியே வந்ததும் மச்சான் என்னை ஒரு தூணுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார்.

"மாப்ள, எங்க பம்பு செட்டு மெக்கானிக்கு மோட்டாரப் பிரிக்கிறதுக்கு முன்னாலேயே, ‘ஓடிரும்ணே’ம்பான். இந்தப் புள்ள ஓடாததுக்கு இத்தன காரணஞ் சொல்லுது. வா, வேற எடம் பாப்பம்."

நான் யோசித்தேன். சுண்ணாம்பு சொன்னவர் சரியாகிவிடும் என்றார். கிளினிக்கிலும் சரியாகிவிடும் என்றார்கள். சரியாகாமல் போகலாம் என்று சொன்ன முதல் ஆள் இந்தம்மாதான். இதுவரை நடந்ததற்குப் பொருந்தி வந்தது அவர் பேச்சு ஒன்றுதான். உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டேன். பீடி குடித்தால் ஒட்டின தோல் பிடிக்காது என்றார். சட்டைப்பையில் இருந்த பீடிக் கட்டை மச்சானிடம் கொடுத்தேன். அவர் எனக்காக அதைக் குடித்து முடித்தார்.

கண் விழித்தபோது கை நின்றுகொண்டிருந்தது. இடுப்பில் ஒரு பட்டை. அதிலிருந்து ஒரு கம்பி. கம்பியின் மேல் முழங்கை. அங்கிருந்து கை நேராக மேலே. உள்ளங்கை முன்பக்கம் பார்த்து விரிந்திருந்தது. வார்டில் எதிர்க் கட்டிலில் இருந்தவர் என்னைப் பார்த்து, பதிலுக்குத் தானும் கையைத் தூக்கிக் காட்டினார்.

ஊருக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, தூக்கிய கைக்கு ஊரில் எத்தனை வேலை இருக்கிறது என்று.

ரோட்டோரம் சும்மா நின்றேன். பஸ் நின்றது.

"ஏறுறியா இல்லையாய்யா?" என்றார் கண்டக்டர்.

"இல்ல."

"பின்ன என்னத்துக்குக் கையக் காட்டுற?"

"ஆபரேஷன்."

பஸ் போய்விட்டது. இன்னொரு நாள் கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குப் போக நின்றேன். அதே பஸ். டிரைவர் என்னை அடையாளம் கண்டு, சிரித்துத் தலையாட்டிவிட்டு நிற்காமல் போய்விட்டார்.

ஊர்க்கூட்டம் போட்டார்கள். கோயில் கொடைக்கு நாடகமா, பாட்டுக் கச்சேரியா என்று தகராறு. நாடகம் கேட்கிறவர்கள் கையைத் தூக்கச் சொன்னார்கள். என்னையும் எண்ணினார்கள். கச்சேரி கேட்கிறவர்கள் தூக்கச் சொன்னார்கள். அதிலும் எண்ணினார்கள். இரண்டும் சமமாக வந்தது.

"ஏலே, ஒனக்கு என்னதான் வேணும்?" என்று கேட்டார் நாட்டாமை.

"ஒன்னும் வேணாம்."

"அப்பக் கைய எறக்கு."

"எறக்கக் கூடாது."

அந்த வருசம் நாடகமும் நடந்தது. கச்சேரியும் நடந்தது. ஊரில் ஒரு பகுதி இன்னும் என்மேல் கோபமாக இருக்கிறது. எந்தப் பகுதி என்று தெரியவில்லை.

சோறு வீட்டுக்காரி ஊட்டினாள். கல்யாணமான புதிதில்கூட அது நடந்ததில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு முடித்தோம். சவரம் செய்ய முடியவில்லை. தாடி வளர்ந்தது.

இப்படி இருக்கும்போது அய்யாவின் தலைத்திதி வந்தது. அய்யா போன வருசம் ஆடியில் இறந்தார். ராமேஸ்வரத்தில் கொடுப்பதாகப் பேச்சு. தள்ளிப் போடலாமா என்று அக்காவிடம் கேட்டேன்.

"ஒத்த ஆம்பளப் புள்ள நீ. கையி மேல நின்னா என்ன, காலு நடக்குதுல்ல?" என்றது அக்கா.

டாக்டரம்மாவிடம் போனில் கேட்டோம். "போங்க. கையை இறக்காதீங்க. புண்ணுல தண்ணி படவே கூடாது. வேர்வையும் ஆகாது" என்றார்.

ஆடி மாதம். ராமேஸ்வரம். வேர்வை ஆகாது.

மச்சான் கூட வந்தார். ஆஸ்பத்திரியில் கொடுத்த என் எக்ஸ்ரே அட்டையை எடுத்துக்கொண்டு, ராமநாதபுரத்தில் பஸ் ஏறியதிலிருந்து என் அக்குளுக்கு விசிறிக்கொண்டே வந்தார். பாம்பன் பாலம் வந்ததும் எல்லோரும் கடலைப் பார்க்க எழுந்தார்கள். என் கை வழியை மறித்தது. ஒவ்வொருவராகக் குனிந்து கைக்குக் கீழே போனார்கள்.

அக்னி தீர்த்தக் கரையில் அய்யரைப் பிடித்துப் பேசி முடித்தோம். எனக்கு முன்னால் ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. கொஞ்சம் நிற்கச் சொன்னார். நின்றேன். வெள்ளை வேட்டி. சட்டை போட வழியில்லை. வெயில் படக் கூடாது என்று, கம்பியையும் சேர்த்து மூடி வீட்டுக்காரி ஒரு துண்டைச் சுற்றிவிட்டிருந்தாள். துவைத்திருந்தது அது ஒன்றுதான். காவி நிறம்.

வடநாட்டு பஸ் ஒன்றிலிருந்து ஆட்கள் இறங்கிக் கரைக்கு வந்தார்கள். முக்காடு போட்ட ஒரு பாட்டியம்மா என் எதிரே நின்றது. என் கையைப் பார்த்தது. முகத்தைப் பார்த்தது. ஏதோ கேட்டது. எனக்குப் புரியவில்லை. பேசாமல் நின்றேன். எனக்கு அது பழக்கம். அன்றைக்கு அதுவே வினையாகிவிட்டது. பாட்டியம்மா என் காலைத் தொட்டுக் கும்பிட்டது. திரும்பி மற்றவர்களைக் கூப்பிட்டது. வந்தார்கள். வரிசை நின்றது.

நான் அய்யரைப் பார்த்தேன். அவர் எள்ளைப் பிசைந்துகொண்டே சொன்னார்:

"இவா ஊர்ப்பக்கம் ஒத்தக் கையைத் தூக்கிட்டு ஆயுசுக்கும் இறக்காத சாமியார் உண்டுப்பா. நீயும் அந்த ரகம்னு நெனச்சுட்டா. தாடி இருக்கு. காவி இருக்கு. வாயும் தெறக்க மாட்டேங்கறே. வேற என்னன்னு நெனப்பா?"

"சொல்லுங்க மச்சான்" என்றேன்.

மச்சானுக்கு டிரைவர் இந்தி தெரியும். முன்னால் போய் நின்று கையை விரித்துச் சொன்னார். சாமி இல்லை, தங்கச்சி மாப்பிள்ளை, அக்குளில் ஆபரேஷன் என்றார். துண்டை விலக்கிக் கம்பியையும் காட்டினார்.

அவர்களுக்கு நன்றாகப் புரிந்தது. ஆபரேஷன், ஆபரேஷன் என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். ஆனால் யாரும் வரிசையை விட்டுப் போகவில்லை. ஒரு பெரியவர் சட்டைப் பித்தானைக் கழற்றி, நடு நெஞ்சில் ஓடிய தையலைக் காட்டித் தலையைக் குனிந்தார். அடுத்தவர் முழங்காலைக் காட்டினார். ஒரு அம்மா வயிற்றைச் சேலைக்கு மேலேயே தொட்டுக் காட்டியது. ஒருவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் காட்டினார். ஆபரேஷன் ஆன சாமியிடம் ஆபரேஷன் ஆனவர்கள் எல்லோரும் வந்தார்கள். நான் எதுவும் செய்யவில்லை. கை ஏற்கெனவே அங்கேதான் இருந்தது.

"நீ ஏன் மாப்ள மொறைக்கிற? சிரிச்ச மாதிரி இரு. பாவம், தூரத்துல இருந்து வந்திருக்காக" என்றார் மச்சான்.

கம்பியில் மாலை விழுந்தது. ஒரு கம்பளிச் சால்வையும் விழுந்தது. ஆடி வெயிலில் கம்பளி. மச்சான் அதை எடுத்துப் போட்டுவிட்டு வேகமாக விசிறினார்.

அப்போது என் வயசு ஆள் ஒருவர் வந்தார். அவர் எதையும் கழற்றவில்லை. வலது கையைத் தூக்க முயன்று காட்டினார். வரவில்லை. முழங்கை விலாவிலிருந்து ஒரு சாண் விலகியது. அவ்வளவுதான். கையில்லாத பனியனில் தெரிந்தது. அக்குளிலிருந்து கைக்குத் தோல் வவ்வால் இறக்கை மாதிரி இழுத்துப் பிடித்திருந்தது.

மச்சான் கேட்டுச் சொன்னார். "கொதிக்கிற எண்ண கொட்டிருச்சாம். வலிக்குதுன்னு கைய மடக்கியே வச்சிருந்தாராம். ஆறுனப்ப அப்படியே ஒட்டிக்கிச்சாம். மிட்டாய்க் கடை வச்சிருந்தாராம். இப்ப இல்லையாம்."

டாக்டரம்மா சொன்னபோது அது வெறும் பேச்சாக இருந்தது. இப்போது எதிரே நின்றது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தார். நான் அவர் கையைப் பார்த்தேன். ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது.

"எனக்கும் இதான் பயம்" என்றேன்.

மச்சான் இந்தியில் சொன்னார். என் பேச்சை எப்படிச் சொன்னார் என்று தெரியாது. அந்த ஆள் தலையை மெதுவாக ஆட்டினார்.

அதற்குள் பாட்டியம்மா ஒரு செம்போடு திரும்பி வந்தது. காசியிலிருந்து கொண்டு வந்த கங்கைத் தண்ணீர். அங்கிருந்து சுமந்து வந்து இங்கே சாமிக்கு ஊற்றுவது அவர்கள் வழக்கம். அதில் கொஞ்சத்தை எனக்கு ஊற்றுவது என்று முடிவு செய்துவிட்டது. தூக்கிய விரல் நுனியில் ஊற்றக் குறி பார்த்தது. அங்கே ஊற்றினால் தண்ணீருக்கு ஒரே வழிதான். கை வழியாக இறங்கி நேரே அக்குள்.

"மச்சான்" என்றேன்.

மச்சான் எக்ஸ்ரே அட்டையைப் போட்டுவிட்டுப் பாய்ந்தார். பாய்ந்து தன் தலையைக் கொடுத்தார். கங்கை முழுவதும் அவர் மேல் இறங்கியது. என் மேல் ஒரு சொட்டு விழவில்லை. ஆனால் பாய்ந்த வேகத்தில் அவர் தோள் கம்பியில் இடித்தது. வேர்வையில் ஏற்கெனவே நெகிழ்ந்திருந்த பட்டை கழன்றது. கம்பி சரிந்தது. கை கீழே இறங்க ஆரம்பித்தது.

நானாகப் பிடித்து நிறுத்தப் பார்த்தேன். தோளில் பலம் இல்லை. உள்ளே தோல் எங்கோ இழுத்தது.

கை நின்றது. அந்த மிட்டாய்க்கடைக்காரர் குனிந்து, தன் இடது தோளை என் முழங்கைக்குக் கீழே கொடுத்திருந்தார். அங்கே இருந்தவர்களில் கை இறங்கினால் என்ன போகும் என்று தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அப்படியே நின்றார். மச்சான் தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டப் பட்டையை இழுத்து இறுக்கினார். சிஷ்யன் என்று நினைத்து அவர் காலையும் இரண்டு பேர் தொட்டார்கள். அவர் தடுக்கவில்லை.

"வாப்பா, உன் முறை" என்று கூப்பிட்டார் அய்யர்.

உட்கார்ந்தேன். கடலில் குளிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தோம். காலில் மட்டும் தெளித்தார். தூக்கிய கையிலேயே எட்டித் தர்ப்பையை மாட்டினார். எள்ளை எடுத்தார். தண்ணீர் விடப் போனவர் நிறுத்தினார்.

"வலது கையிலதான் விடணும். விட்டா கட்டை விரல் பக்கமா தட்டுல விழணும். இது கக்கத்துக்குன்னா போகும்? ஒரு நிமிஷம் இறக்கேன்."

"எறக்கக் கூடாது."

"உங்கப்பாவுக்குத் தண்ணி போக வேண்டாமா?"

அய்யாவுக்குத் தண்ணீர் வேண்டும். எனக்குக் கை வேண்டும். மிட்டாய்க்கடைக்காரர் கையையும் பார்த்துவிட்டேன்.

மச்சான் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்: "கையி எறங்கக் கூடாதுன்னுதான டாக்டரு சொல்லுச்சு. ஆளு எறங்கலாம்ல?"

அவர் வாயிலிருந்து அன்றுவரை உருப்படியாக வந்தது அது ஒன்றுதான். அய்யர் யோசித்து, "கவுந்துக்கோ" என்றார்.

மண்டியிட்டேன். இடுப்புக்கு மேலே உடம்பை அப்படியே முன்னால் கவிழ்த்தேன். நெற்றி மணலுக்குப் பக்கத்தில் வந்தது. அக்குளில் கை விரிந்திருந்த அளவு மாறவில்லை. உடம்போடு சேர்ந்து சுற்றி வந்து, விரல்கள் தட்டுக்கு நேரே தொங்கின. மிட்டாய்க்கடைக்காரரும் கூடவே மண்டியிட்டு முழங்கையைத் தாங்கினார். அய்யர் தண்ணீர் விட்டார். எள்ளோடு தட்டில் விழுந்தது. அய்யா பேரைச் சொல்லச் சொன்னார். மணலைப் பார்த்துச் சொன்னேன்.

மூன்று தலைமுறைக்கும் கொடுத்து முடித்துத் தலையை நிமிர்த்தினேன். எதிரே யாரும் நிற்கவில்லை. சாமி தங்களைப் பார்த்துக் கும்பிட்டு விழுந்துவிட்டது என்று பதறி, அந்த பஸ் மொத்தமும் மணலில் குப்புற விழுந்து கிடந்தது. நெஞ்சில் தையல் போட்ட பெரியவரும் கிடந்தார். நான் எழுந்தால்தான் அவர்கள் எழுவார்கள் போல. எழுந்தேன்.

பிரியும்போது மிட்டாய்க்கடைக்காரர் என் முழங்கையை மட்டும் ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். கம்பி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்திருப்பார். அவர் கைக்கும் ஆபரேஷன் இருக்கலாம், ராமநாதபுரத்தில் ஒரு டாக்டரம்மா இருக்கிறார் என்று மச்சானை விட்டுச் சொன்னேன். என்னென்ன ஆகலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுவார் என்பதையும் சொல்லச் சொன்னேன்.

பிறகு ஒரு நாள் ஆஸ்பத்திரியில் பட்டையைக் கழற்றினார்கள். டாக்டரம்மா ஒட்டின தோலை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"பிடிச்சிருக்கு. கையை இறக்குங்க."

இறக்கினேன். மறந்துபோன வேலை மாதிரி இருந்தது.

"இப்பத் தூக்குங்க."

மச்சானும் பக்கத்தில் வந்து நின்றார். தூக்கினேன். தோள் வந்தது. கன்னம் வந்தது. காது வரை போனது. அதற்கு மேல் இழுத்தது.

"கோடாலி ஓங்குவாராம்மா?" என்றார் மச்சான்.

"தினமும் பயிற்சி பண்ணினா இன்னும் போகும்."

"நிச்சயமா?"

"நிச்சயம்னு சொல்ல மாட்டேன்."

மச்சான் என்னைப் பார்த்தார். நான் இடது கையைத் தூக்கிக் காட்டினேன். அந்த அக்குளில் பயறு அளவில் ஒன்று வந்திருந்தது. டாக்டரம்மா அழுத்திப் பார்த்தார்.

"மாத்திரையில அடங்குதான்னு பார்ப்போம். அடங்கலேன்னா..." என்று ஆரம்பித்தார். "ரத்தம் நிறையப் போகலாம்" என்பதற்குள் மச்சான் வெளியே போய்விட்டார்.

நான் நின்று முழுவதும் கேட்டேன். கேட்டுக்கொண்டிருக்கும்போதே வலது கையையும் இன்னொரு தடவை தூக்கிப் பார்த்தேன். காது வரை போனது. இரண்டு கையும் மேலே நின்றன.

"போதும், இறக்குங்க" என்றார்.

இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.